பதினான்காம் தேதி வரை

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை அல்ல, டைம் ஆபீஸ் கிளார்க்கை. டாக்டர் மாத்திரைதான் தருவார். அந்தக் காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, என்றைக்கு முடியும் என்று தீர்மானித்துத் தருகிறவர் இவர்தான்.

எங்கள் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு நம் மொழி தெரியாது, நமக்கு அவர்கள் மொழி தெரியாது. ஆகவே இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த இங்கிலீஷில்தான் லீவு லெட்டர் போக வேண்டும் என்று விதி. வெட்டுகிறவர்கள், ஒட்டுகிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள் என்று நூற்று நாற்பது பேர். அத்தனை பேருடைய ஜுரமும் வயிற்றுப்போக்கும் பல்வலியும் இவருடைய பேனா வழியாகத்தான் வெளியூர் போயின. ஒவ்வொரு கடிதத்திலும் ‘ஃப்ரம்’ இன்ன தேதி ‘டு’ இன்ன தேதி என்று இருக்கும். அதனால் அவருக்கு ஃப்ரம்-டு சார் என்று பெயர். முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் ஃப்ரம்-டு. அவருடைய மனைவி மட்டும் முகத்துக்கு நேரேயே ஃப்ரம்-டு என்பாள்.

நான் டெஸ்பாட்ச். அவருக்கு எதிர் மேஜை. பதினோரு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டியிருக்கிறேன். காலை எட்டு இருபத்தைந்துக்கு வருவார். பேனாவைத் திறந்து ஒரு துண்டுத்தாளில் இரண்டு கோடு கிழித்து மை வருகிறதா என்று பார்ப்பார். பிறகு நாற்காலியை அரை அடி முன்னால் இழுப்பார். ஒரு நாளும் கால் அடியாகவோ முக்கால் அடியாகவோ இழுத்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு நடக்கும். யாரும் கேட்காத வகுப்பு. “நாம காலத்தைச் சொல்லிட்டு அப்புறமா வாலை ஒட்டறோம். மூணு நாளா, மூணு நாளைக்கு, மூணு நாளுக்குள்ள. அவன் அப்படி இல்ல. முன்னாடியே மூக்கணாங்கயிறு போட்டுத்தான் காலத்தை வெளிய கொண்டுவரான்,” என்பார். ‘அவன்’ என்றால் இங்கிலீஷ்காரன். அவனை இவர் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் பங்காளியைப் போல உரிமையோடு பேசுவார்.

அவர் கண்டுபிடிப்புகளில் ஒன்று எனக்குப் பிடிக்கும். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாலும் ‘ஃபார்’. மூன்று நாளைக்கு லீவு வேண்டும் என்றாலும் ‘ஃபார்’. “பட்ட கஷ்டத்துக்கும் படப்போற சுகத்துக்கும் அவன்கிட்ட ஒரே அளவுகோல் பாத்தியாம்மா,” என்று சோற்றுக் கையோடு வியப்பார். ‘சின்ஸ்’ என்பது அவருக்குப் புலம்புகிறவர்களின் வார்த்தை. முந்தாநாளிலிருந்து வலிக்கிறது என்று ஆரம்பத்தை மட்டும் சொல்லும், முடிவைச் சொல்லாது. ‘பை’ என்பது மேனேஜர்களின் வார்த்தை. வெள்ளிக்கிழமைக்குள் முடி என்று சொல்லிவிட்டு, திங்கள் செவ்வாயெல்லாம் நீ எப்படிப் போனாய் என்று கேட்காது, வெள்ளிக்கிழமை வாசலில் மட்டும் நின்றுகொண்டு கழுத்தைப் பிடிக்கும். ‘வித்தின்’ நான்கு சுவர் எழுப்பி நம்மை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்.

அவர் வெறுத்த வார்த்தை ஒன்றுதான், ‘அன்டில்’. எங்கள் கேன்டீன் கதவில் ‘மறு அறிவிப்பு வரும் வரை மூடப்பட்டிருக்கும்’ என்று இங்கிலீஷில் ஒரு அட்டை தொங்குகிறது. அதை எழுதியவர் ஓய்வு பெற்று, கதவின் கீல் துருப்பிடித்து, உள்ளே இருந்த மேஜைகளைக்கூட யாரோ எடுத்துப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மறு அறிவிப்பு மட்டும் வரவில்லை. “வரைக்கும்னு ஒருத்தன் சொன்னா அவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். தெரிஞ்சிருந்தா தேதி சொல்லியிருப்பான்,” என்பார் அந்த அட்டையைக் காட்டி.

ஆகவே முடிவுத் தேதி இல்லாமல் ஒரு கடிதமும் அவர் மேஜையைத் தாண்டாது. போட்ட தேதியை நீட்டிக்கவும் மாட்டார். லீவை நீட்டிப்பது அவர் கணக்கில் முதலில் சொன்னது பொய் என்று நாமே கையெழுத்துப் போட்டுத் தருவது.

ஒட்டுப் பிரிவில் ஒரு அம்மாவுக்கு மகளின் பிரசவத்துக்காக லீவு வேண்டியிருந்தது. எத்தனை நாள் என்று கேட்டார்.

“குழந்தை பொறக்கற வரைக்கும் சார்.”

“வரைக்கும்லாம் போட முடியாதும்மா. டாக்டர் என்ன தேதி சொன்னார்?”

“எட்டாந்தேதி வாக்குலன்னாரு. முன்னப் பின்ன ஆகலாம்னாரு.”

“முன்னப் பின்னன்னு காலண்டர்ல ஒரு தேதி இல்ல,” என்றவர், தாராளமாக இரண்டு நாள் சேர்த்துப் பத்தாம் தேதி வரை போட்டார். குழந்தை பதினான்காம் தேதி பிறந்தது. அந்த நேரத்தில் பாட்டி இங்கே பிஸ்கட் கம்பெனிப் பெட்டிக்கு அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பேரனுக்கு முதல் வசவு அவள் வாயிலிருந்துதான், நேரத்துக்கு வராததற்காக. இரண்டாவது வசவு இவருக்கு. இவர் அசையவில்லை. தேதியைத் தவறவிட்டது குழந்தைதான், கடிதம் அல்ல என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவர் இருபத்தாறு வருஷத்தில் தனக்காக லீவு லெட்டர் எழுதியதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு அவையும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தன.

பிறகு அவர் மனைவிக்கு வந்தது. காய்ச்சல் இல்லை, வேறு. அதன் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு மாதம் ஆஸ்பத்திரிக்கு எல்லாம் சனிக்கிழமை மத்தியானத்திலேயே போய் வந்தார்கள். எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எட்டு இருபத்தைந்துக்கு வந்தார், பேனாவைத் திறந்தார், மையைச் சோதித்துப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இனிமே ஆஸ்பத்திரியில செய்யறதுக்கு எதுவும் இல்லையாம். வீட்ல வச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க,” என்றார்.

அவரே தொடர்ந்தார். “எத்தனை நாளைக்குன்னு டாக்டரைக் கேட்டேன். உடம்பு தாங்கற வரைக்கும்ங்கறாரு. அவ்வளவு படிச்ச மனுஷன். சுவரு பூரா பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காரு. வரைக்கும்ங்கறாரு.”

அவருக்கு ஒரே ஆசைதான். அவள் போகிறபோது பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு லீவு வேண்டும், லீவுக்குத் தேதி வேண்டும். மேனேஜர் நல்லவர். “ஒரு மாசம் போடுங்க, ரெண்டு மாசம் போடுங்க, நான் பேசிக்கறேன். ஆனா ஒரு தேதியைப் போடுங்க சார், உங்களுக்குத் தெரியாததா,” என்றார். அதுதான் வினை. அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அன்று நான்கு தாள் வீணாயின. நான்கிலும் ‘ஃப்ரம் மூன்றாம் தேதி’ என்பது வரை அச்சடித்தது போல இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மாலை நாலரைக்கு ஐந்தாவது தாளை என் மேஜையில் வைத்தார்.

“நீ எழுதும்மா.”

“நானா? எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது சார்.”

“இங்கிலீஷ் நான் எழுதிட்டேன். தேதியைத்தான் போட முடியலை. அதிகமாப் போட்டா அவ்வளவு நாள் அவ அவஸ்தைப்படட்டும்னு நானே கேக்கற மாதிரி இருக்கு. கம்மியாப் போட்டா…” தாளை என் பக்கம் தள்ளினார். “நீ ஏதாவது ஒண்ணைப் போட்டு எடுத்துட்டு வா. நாளைக்கு வீட்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

ஊருக்கெல்லாம் தேதி வைத்தவர் தன் வீட்டுத் தேதியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டு மாதம் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, போடாமல் எடுத்துப் போனேன்.

அவர்கள் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. கூடத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள், ஜன்னல் பக்கம். அவள் தங்கை உதவிக்கு வந்து தங்கியிருந்தாள். தலைமாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மாத்திரைப் பெட்டி, அலாரம் கடிகாரம், நீள நோட்டு ஒன்று. நோட்டு திறந்தே இருந்தது. பார்க்கக் கூடாதுதான், பார்த்துவிட்டேன். வலி, சின்ஸ் நாலு பத்து. தூக்கம், ஃபார் இருபத்தைந்து நிமிஷம். இருமல், ஃப்ரம் ஆறு ஐந்து டு ஆறு பன்னிரண்டு. எல்லாம் அழகான கையெழுத்து.

“என்னங்க, அந்த வளையற ஸ்ட்ரா இருந்தா வாங்கிட்டு வாங்களேன். இது நேரா இருக்கு, குடிக்க முடியலை,” என்றாள் அவள் அவரிடம்.

அவர் மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். செருப்புச் சத்தம் படியிறங்குகிற வரை அவள் பேசவில்லை.

“உக்காரும்மா. பதினஞ்சு நிமிஷம் இருக்கு. கடைக்கு அஞ்சு, ஸ்ட்ராவை வளைச்சு வளைச்சுப் பாக்க அஞ்சு, திரும்பி வர அஞ்சு. அவருகூட இருந்து நானும் கத்துக்கிட்டேன்.” எலும்பாகப் போயிருந்தாள். குரல் மட்டும் பழைய குரல். “என்ன தேதி போட்டிருக்கே?”

“இன்னும் போடலைக்கா. ரெண்டு மாசம் போடலாம்னு…”

“ரெண்டு மாசமா? ஏம்மா, என்னைக் கொன்னே தீரணும்னு இருக்கியா?” சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. தங்கை ஓடிவந்து முதுகைத் தடவினாள். அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பத்து நாள் போடு. போதும்.”

“அக்கா, அவர் உங்ககூட இருக்கணும்னுதான்…”

“தெரியும். அதனாலதான் சொல்றேன். அவரு பக்கத்துல இருந்தா என்னால வாய்விட்டு முனகக்கூட முடியலை. முனகினா மணி பாக்கறாரு. போன வாரம் அழணும்போல இருந்துச்சு, எழுதிருவாரேன்னு அடக்கிக்கிட்டேன்.”

நான் நோட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“நான் போற நேரத்துல அவரு இங்க இருந்தா அதையும் எழுதிருவாரும்மா. மணி, நிமிஷம் எல்லாம். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு ஆயுசு பூரா உக்காந்திருப்பாரு. சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பாரு. எனக்குத் தெரியாதா அவரை? அவரு ஆபீஸ்ல இருக்கணும். எவனுக்காவது ஜுரத்துக்குத் தேதி வச்சுக்கிட்டு இருக்கணும். கொஞ்ச நாள் கூட இருந்துட்டுக் கிளம்பட்டும். நான் சொன்னேன்னு சொல்லிடாதே. நீயா போட்டதா இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. கணவன் தேதியை என் தலையில் கட்டினான், மனைவி பழியைக் கட்டுகிறாள், என்ன ஜோடிப் பொருத்தம். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பேனாவை எடுத்துப் ‘பதினான்காம் தேதி வரை’ என்று இங்கிலீஷில் எழுதினேன். மூன்றிலிருந்து பதினான்கு என்றால் பன்னிரண்டு நாள். அந்த இரண்டு நாள் என் சொந்தத் தாராளம்.

அவர் வந்தார். பையில் எட்டு ஸ்ட்ரா, எல்லாம் நன்றாக வளைந்தன. கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார்.

“பதினாலா?”

“ஆமா சார்.”

எனக்கு ஏதோ தெரியும் என்பது போல என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை என்று தங்கை சொன்னாள். தலை வாரிவிட்டாராம். ஸ்பூனால் கஞ்சி கொடுத்தாராம். நோட்டும் நிரம்பிக்கொண்டே போனதாம். பதினான்காம் தேதி சாயங்காலம் எனக்கு மனசு கேட்கவில்லை. போன் செய்தேன்.

“சார், மேனேஜர்கிட்ட பேசிட்டேன். இன்னும் ஒரு மாசம் போட்டுக்கலாம். நீங்க சரின்னு சொன்னா போதும்.”

“இன்னும் ஒரு மாசமா?” என்றார். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. “தேதி முடிஞ்சா கிளம்பணும்னு ஊருக்கெல்லாம் சொன்னது யாரு? அந்தப் பிரசவத்துக்கே நாலு நாள் நீட்டிக்கலை. இப்ப நீட்டிச்சா அந்த அம்மா முகத்துல எப்படி முழிப்பீங்க? சட்டை இஸ்திரி போட்டு வச்சிருக்கு.”

“வரேம்மா,” என்றார் அவர் என்னிடம்.

பதினைந்தாம் தேதி எட்டு இருபத்தைந்துக்கு வந்தார். நாற்காலியை அரை அடி இழுத்தார். மணிக்கு ஒரு தரம் வீட்டுக்குப் போன் செய்தார். தங்கை ‘அப்படியேதான் இருக்கா அத்தான்’ என்று சொல்லும் ஒரே பதிலைத் தாளில் குறித்துக்கொண்டார். பதினாறு, பதினேழு, பதினெட்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய் ஆபீஸ் கதையெல்லாம் சொல்லுவாராம். யாருக்கு என்ன ஜுரம், யார் பொய் சொன்னது, யாருக்கு எத்தனை நாள் போட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சிரிப்பாளாம். இதைச் சொன்னபோது தங்கையும் சிரித்தாள்.

பத்தொன்பதாம் தேதி வெட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் பல் பிடுங்க லீவு கேட்டு வந்து நின்றார். எத்தனை பல் என்று கேட்டுவிட்டு இவர் எழுதத் தொடங்கினார். ‘ஃப்ரம் இருபதாம் தேதி டு’ என்று எழுதும்போது போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், வைத்தார். பேனாவை மூடினார். பல்காரரிடம், “கொஞ்சம் இருங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தார். கேட் வரை நடந்தார், அங்கிருந்து ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான். பல்காரர் பாதிக் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். மீதியை நான் எழுதிக் கொடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை மணிக்கு?”

“பாக்கலை அத்தான்.”

“சும்மா ஒரு குத்துமதிப்பா.”

“கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வெளியில குழாய்ல தண்ணி வந்துச்சு. அது நின்னப்ப பாத்தேன், மூச்சு இல்லை. கடிகாரத்தைப் பாக்கணும்னு தோணலை அத்தான்.”

கடைசியாக எழுதியிருந்தது காலை ஏழு நாற்பதுக்கு, அவர் கிளம்புவதற்கு முன்னால். கஞ்சி, நான்கு ஸ்பூன். அதற்குக் கீழே அவரால் ஒன்றும் எழுத முடியவில்லை. பிறகு நோட்டை மூடி, ஸ்டூலில் வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அக்கா நினைத்ததைச் சாதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் அழுதேன்.

சாவுக்கு மூன்று நாள் லீவு என்று தலைமை அலுவலகமே விதி வைத்திருக்கிறது. நான்காம் நாள் வந்தார். முற்பகல் முழுவதும் சேர்ந்துபோன கடிதங்களைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு எழுந்து என் மேஜைக்கு வந்தார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் என் மேஜைக்கு வந்தது இரண்டு தரம்தான், அந்தத் தாளை வைத்தபோதும் இப்போதும்.

“ஏம்மா, மேனேஜர் ரெண்டு மாசம்கூடப் போடலாம்னுதானே சொன்னாரு?”

“ஆமா சார்.”

“ஒரு வாரம் சேத்துப் போட்டிருந்தாக்கூட நான் அங்க இருந்திருப்பேன்.”

சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தில் ஒரு பிழையைக் காட்டுவது போலத் தணிந்த குரலில் சொன்னார். அவள் பேச்சு என் தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் கடைசியில் நம்மை வெளியே அனுப்பிவிட்டாளே என்று அவர் ஆயுசு பூரா உட்கார்ந்திருப்பார்.

“போட்டிருக்கலாம் சார். எனக்குத் தோணலை,” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் யார் லீவு கேட்டு வந்தாலும் எழுதி முடிக்கும் முன் நிமிர்ந்து, “ஒரு வாரம் சேத்துப் போடட்டுமா?” என்று கேட்கிறார். பல்வலிக்கு ஒன்பது நாள், ஜலதோஷத்துக்குப் பத்து நாள். எங்கள் ஊரில் என்ன கொள்ளைநோய் என்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கேட்டு எழுதிவிட்டார்கள். தொழிலாளர்கள் அவரைத் தெய்வம் என்கிறார்கள். ஏன் இப்படி மாறினீர்கள் என்று கேட்டால் என் பக்கம் கையைக் காட்டாமல், என் காதில் விழும்படி மட்டும் சொல்வார்: “தேதி போடறவங்க கொஞ்சம் யோசிச்சுப் போடணும்ங்க. அவங்களுக்கு அது வெறும் தேதி.”

நான் குனிந்து விலாசம் ஒட்டிக்கொண்டிருப்பேன். அவருடைய கோபம் என் பேரிலேயே இருக்கட்டும், அக்கா பக்கம் போக வேண்டாம்.